கோதுமையை விலக்கியவரின் அச்சம்

சீலியாக் நோய் என்று வைத்தியர் நிர்ணயம் செய்த தினம் முதலாக, கோதுமையில் உள்ள குளூட்டன் எந்தப் பண்டத்தில் மறைந்திருக்குமோ என்று உண்ணவே அஞ்சுகிறவர்கள் உண்டு; கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பது வழக்கமாதலால், அந்த அச்சத்தை வெறும் பிரமை என்று தள்ளிவிட நான் துணியமாட்டேன். இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்று டச்சுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே 1950-இல் தமது ஆய்வேட்டில் எழுதினார். தருமபுரி ஜில்லாவாசிகளுக்கோ பாக்கியம் வாசலிலேயே இருக்கிறது: களியாகவும் கூழாகவும் தலைமுறைகளாக உண்டுவந்த கேழ்வரகிலும், சாமையிலும் இயல்பாகவே குளூட்டன் இல்லை; 2023-இல் ரேஷன் கடையிலேயே குடும்ப அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கவும் தொடங்கினார்கள். கோதுமை அரைபடும் மில்லுக்கு அனுப்பாமல், தானியத்தைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே மாவாக்கிக்கொண்டால், பயப்படவேண்டிய பண்டங்களின் ஜாபிதா சுருங்கும். அப்படியும் கலக்கம் தீராமல் நித்திரை கெடுமானால், அதையும் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம்.