பட்டியலில் இருக்கிறது, அலமாரியில் இருக்கிறதா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பழைய நினைவு வந்தது. படிக்கிற காலத்தில் திருமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு நூலகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் புத்தகத்தின் பெயர் இருந்தது. அலமாரியில் புத்தகம் இல்லை. கேட்டதற்கு அங்கிருந்தவர், "பேரு இருக்குன்னா புத்தகம் இருக்குன்னு அர்த்தமில்ல தம்பி, வெளிய போயிருக்கும்" என்றார். மறுநாள் எனக்கு செமினார்!

நான் பேச வந்த விஷயமே அதுதான். ஒரு நூலகத்திடம் புத்தகம் உண்டா என்பது ஒரு கேள்வி. இந்த நிமிடம் கைக்குக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. இன்ஃப்ளிப்நெட்டின் 'இண்ட்கேட்' கூட்டுப் பட்டியல், எந்தப் பல்கலைக்கழகத்தில் அந்த நூல் உண்டு என்று சொல்லும். அது இரவல் போயிருக்கிறதா என்பது அந்தந்த நூலகத்தின் பதிவேட்டுக்குத்தான் தெரியும்.

அந்தப் பதிவேட்டையே கேட்க வழி இருக்கிறது. நியூசிலாந்தில் எழுதப்பட்டு 2000-இல் இலவசமாக வெளியிடப்பட்ட 'கோஹா' மென்பொருளை நம் நாட்டில் பல கல்லூரி நூலகங்கள் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் டிஜிட்டல் லைப்ரரி ஃபெடரேஷன் 2008-இல் பரிந்துரைத்த முறைப்படி அதில் ஒரு இணையச் சேவை உண்டு. நூலின் பதிவு எண்ணைக் கொடுத்து இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டால், 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று எக்ஸ்எம்எல் வடிவில் பதில் வரும். யார் எடுத்துப் போனார் என்பதை அது சொல்லாது. நூலக நிர்வாகம் அனுமதித்தால்தான் சேவையே திறக்கும்.

நம் கல்லூரி நூலகம், சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம், 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகிய மூன்றும் இப்படிக் கதவைத் திறந்தால், மூன்று இடம் அலையாமல் செல்போனிலேயே பார்த்துவிடலாம். ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு நூலகத்துக்கும் தனித்தனிப் பதிவு எண். ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்துத்தான் ஒரே நூல் என்று சேர்க்க முடியும். பழைய தமிழ் நூல்களுக்கோ அந்த எண்ணே கிடையாது. தலைப்பை வைத்துத் தேடலாமென்றால், ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருப்பார்கள்!

அதையும் சரிசெய்துவிடலாம். ஆனால் மெஷினுக்குக் கண் கிடையாது. பதிவேட்டில் உள்ளதைத்தான் அது ஒப்பிக்கும். தொலைந்துபோனது, தட்டு மாறி உட்கார்ந்திருப்பது, எல்லாமே 'இருக்கிறது' என்றுதான் வரும்.

இங்கே ஒரு பாவமன்னிப்பு. பரீட்சை நேரத்தில் வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று ஒரு கணிதப் புத்தகத்தைச் சரித்திரத் தட்டின் பின்னால் ஒளித்து வைத்தவன் நான். என்னால் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்களோ! அந்தப் பொய்யை எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது. தட்டுத் தட்டாகப் பார்த்துச் சரிபார்க்கும் ஒரு மனிதரால்தான் முடியும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. நம்மால் ஆகக்கூடிய காரியம் அது. தம்பி தங்கைகளே, இந்தத் தேடல் சேவையை உங்கள் புராஜெக்டாக எடுத்துச் செய்யுங்கள்; நிரல் எழுத நான் கூட உட்காருகிறேன். நண்பர்களே, நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதோடு நின்றுவிடாமல், விடுமுறையில் இரண்டு நாள் வந்து நூலகருடன் இருப்பு சரிபார்க்கக் கை கொடுங்கள். சரித்திரத் தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.