கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் டிரைவரைப் பாருங்கள்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. அதையொட்டிப் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டீர்கள். மெயில், வங்கி வேலை, வீடியோ கால் எல்லாம் வழக்கம்போல் ஓடுகின்றன. அனிமேஷன் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில்தான் புகார் வருகிறது. "பிளெண்டர் திறக்கவே மாட்டேங்குது", "திறந்தா ஸ்கிரீன் கறுப்பாயிடுது", "ரெண்டர் போட்டா ராத்திரி முழுக்க ஓடுது."

கடையில் கேட்டால், "கார்டு போயிடுச்சு சார், புதுசு போடணும்" என்று சொல்லிவிடுவார்கள். பல ஆயிரம் ரூபாய் விஷயம். ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கியிருக்கும். "என்னமோ பொம்மைப் படம்தானே" என்றும் விட்டுவிட முடியாது. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படமான 'ஃப்ளோ', இதே இலவச பிளெண்டரில் செய்யப்பட்டதுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அப்கிரேடுக்கு முதல் நாள்வரை நன்றாக ஓடிய கார்டு, மறுநாளே கெட்டுப்போவது அபூர்வம். பர்ஸைத் திறக்கும் முன் டிரைவரைப் பாருங்கள்.

கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நின்று பேசுகிற மென்பொருள்தான் டிரைவர். அப்கிரேட் நடக்கும்போது பழைய டிரைவர் ஒத்துப்போகாவிட்டால், விண்டோஸ் தன்னிடம் உள்ள ஒரு பொது டிரைவரைப் போட்டுச் சமாளித்துவிடும். திரையில் படம் தெரியும், வேர்டும் பிரவுசரும் ஓடும். ஆனால் பிளெண்டருக்கு அது போதாது. பிளெண்டர் 4.0 முதல், ஓப்பன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் வசதி 4.3 அளவிலாவது இருக்க வேண்டும். அந்தப் பொது டிரைவர் தருவது 1.1 மட்டுமே. அதனால்தான் "உங்கள் கார்டு போதாது" என்கிற மாதிரி ஒரு செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் நாம் கடைக்கு ஓடுகிறோம்.

வங்கியில் கணக்கு டாலி ஆகாத நாளில் ஒவ்வொரு என்ட்ரியாக டிக் அடித்துக்கொண்டு வருவோம். இதையும் அப்படியே செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதன்பின் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பிளெண்டரைத் திறந்து பாருங்கள்.

முதலாவது, பெயரைப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற வரியை விரியுங்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று உங்கள் கார்டின் பெயர் இருந்தால் டிரைவர் இருக்கிறது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. உங்கள் கார்டுக்கான டிரைவர் இல்லை.

இரண்டாவது, சரியான இடத்திலிருந்து டிரைவரை இறக்குங்கள். லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். டெஸ்க்டாப் என்றால் கார்டுக்குரிய கம்பெனியின் தளம். என்விடியாவில் விளையாட்டுக்கு ஒன்று, 'ஸ்டூடியோ டிரைவர்' என்று ஒன்று, இரண்டு வகை உண்டு. அனிமேஷன் வேலைக்கு ஸ்டூடியோ டிரைவர் ஏற்றது. "உங்கள் எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்" என்று விளம்பரம் வரும் தளங்களின் பக்கம் போகாதீர்கள். அந்த வழியாக வைரஸும் வரும்.

மூன்றாவது, பெயர் சரியாக இருந்தும் பிளெண்டர் நடுவில் மூடிக்கொள்கிறது என்றால், அந்தப் பெயரின் மேல் டபுள் கிளிக் செய்து 'டிரைவர்' பகுதிக்குப் போங்கள். 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன் அழுத்தும் நிலையில் இருந்தால், முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம். அதிலும் சரியாகவில்லை என்றால், 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவசக் கருவியால், சேஃப் மோடில் வைத்துப் பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம். அதற்குமுன் இரண்டு வேலை. புது டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சேஃப் மோடுக்குப் போகும்போது அதைக் கேட்டால், கீ இல்லாமல் உங்கள் லேப்டாப்புக்குள் நீங்களே நுழைய முடியாது.

நான்காவது, இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப். இன்டெல் ஒன்றும் என்விடியா ஒன்றும் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் சின்னதைக் கொடுத்துவிடும். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே', 'கிராபிக்ஸ்' என்று போய், பிளெண்டரைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப்பில் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பிளெண்டர் திறக்கிறது, ரெண்டர் மட்டும் ஆமை வேகம் என்றால், 'எடிட்', 'பிரிஃபரன்சஸ்', 'சிஸ்டம்' என்று போய், சைக்கிள்ஸ் ரெண்டர் பகுதியில் கார்டுக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரெண்டர் ப்ராபர்ட்டீஸில் 'டிவைஸ்' என்ற இடத்தில் 'ஜிபியு' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் சாதாரண ப்ராசஸர் தலையில்தான்.

கார்டு உண்மையிலேயே பழையது, 4.3-ஐத் தாங்காது என்றாலும் வழி இருக்கிறது. பிளெண்டர் 3.6-க்கு ஓப்பன்ஜிஎல் 3.3 இருந்தால் போதும். பழைய பதிப்புகள் பிளெண்டர் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையதில் திறந்தால் சில அம்சங்கள் விட்டுப்போகலாம். ஆகவே பிரதி எடுத்துக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் கார்டு கெட்டுப்போவதே இல்லையா? கெடும். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால், அதற்கு விண்டோஸ் டிரைவர் காரணமாக இருக்க முடியாது. டிரைவர் அப்போது வேலைக்கே வந்திருக்காது. மானிட்டரையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தும் அதே நிலை என்றால் தாராளமாகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னும் மாறாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை, ப்ராஜெக்ட் நேரத்தில் அப்கிரேட் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டு, வேலை முடிந்தபின் நிதானமாக மாறலாம். மாறும்போது ப்ராஜெக்ட் கோப்புகளைத் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மாறியபின் ஒத்துவரவில்லை என்றால், வழக்கமாக 10 நாட்களுக்குள் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெகவரி' என்று போய் 'கோ பேக்' கொடுத்தால் பழைய விண்டோஸ் திரும்பிவிடும். அந்தப் 10 நாள் கெடு முடிவதற்குள், முதல் நாளே பிளெண்டரைத் திறந்து ஒரு ரெண்டர் போட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.