வீடு திரும்புமுன் கேட்டறிய வேண்டியவை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாகாலாவிலுள்ள நம் காலனிக் குடும்பங்கள் பெரிய அறுவை சிகிச்சைக்குத் திருப்பதி செல்வதுண்டு. அன்றேல் சித்தூரைக் கடந்து, காட்பாடியில் இறங்கி, வேலூர் செல்வதுண்டு. 1900ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வேலூர் மருத்துவமனை இன்று உலகறிந்தது. ஆயினும் எத்துணைச் சிறந்த மருத்துவரும் நம்முடன் ரயிலேறி வருவதில்லை. புண் முற்றும் ஆறுவது நம் வீட்டில்தான். கிருமி தொற்றுகிறதா என்று 30 நாட்களும், உலோகம் முதலியன உள்ளே பொருத்தியிருப்பின் 90 நாட்களும் கவனித்தல் வேண்டும்.

பார்சல் ஆபீஸில் மூட்டையைச் சரிபாராமல் கையெழுத்திடுவார் உண்டோ? டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் படியாமலே பைக்குள் வைத்துவிடுகிறோம். அது ஆங்கிலத்தில் இருந்தால், தமிழிலோ தெலுங்கிலோ விளக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டா. செய்த அறுவை யாது? தையல் பிரிப்பது என்று? குளிப்பது எப்போது? எம்மருந்து எத்தனை நாள்? முன்பு உண்டுவந்த சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளைத் தொடரலாமா? எவ்வளவு பளு தூக்கலாம்? சதையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் முடிவு எப்போது வரும்? இரவில் இடர் நேர்ந்தால் யாரிடம் பேசுவது? நோயாளி வலியிலும் அயர்விலும் இருப்பார். ஆதலால் உடன் செல்பவரே இவற்றை எழுதி எடுத்துச் சென்று கேட்டறிதல் நன்று.

பருப்பும் முட்டையும் சீழ் வைக்கும் என்றஞ்சி ரசஞ்சோறே இடுகிறோம். புண் ஆறப் புரதச் சத்து இன்றியமையாதது. மருத்துவர் விலக்கியிருந்தாலன்றி, பருப்பு, பால், முட்டை கொடுக்கலாம். புண்ணின்மேல் விபூதி, மஞ்சள், எண்ணெய் எதுவும் இடலாகாது. தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுக. 1847இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவ வார்டில் மருத்துவர்களைக் கை கழுவச் செய்தே தாய்மார் மரணத்தைப் பெரிதும் குறைத்தார்.

ஓய்வென்று படுத்தே கிடப்பதும் தீது. கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடாம். மருத்துவர் கூறிய அளவு நடத்தல் வேண்டும்.

காய்ச்சல், சீழ், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, ஓயாத வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவை தோன்றினால், குறித்த தேதி வரட்டும் என்றிராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுக. மூச்சுத் திணறலோ, நெஞ்சுவலியோ, நில்லாத இரத்தப் போக்கோ கண்டால் அடுத்த வண்டிக்குக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு அடுத்த வீட்டாரே உறவினர். இன்று கேட்டதை அவர்களிடமும் சொல்வோமாக.