நாற்றங்காலில் நேரும் இழப்பு



'டேம்பிங் ஆஃப்' என்னும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்காது. ஈர மிகுதியால் இளநாற்றுகள் அழுகி மடிதலை அது குறிக்கும். நாம் இதனை நாற்றழுகல் என்கிறோம். ஆங்கிலப் பெயர் காரணத்தையும் தமிழ்ப் பெயர் விளைவையும் சுட்டுகின்றன. கள அலுவலர் இரண்டையும் அறிதல் வேண்டும்.

ஈரம் தனித்து நாற்றைக் கொல்வதில்லை. பித்தியம், ரைசக்டோனியா முதலிய நோய்க்கிருமிகள் மண்ணில் வாழ்கின்றன. பித்தியத்தின் நுண்வித்துகள் மண்ணீரில் நீந்திச் சென்று இளவேரைப் பற்றுகின்றன. பீகாரின் பூசாவில் பணியாற்றிய பட்லர், 1907ஆம் ஆண்டிலேயே பித்தியம் பற்றி விரிவான ஆய்வுரை வெளியிட்டார்.

தக்காளி, மிளகாய், கத்தரி, புகையிலை நாற்றங்கால்களில் இந்நோய் இரு நிலைகளில் தாக்கும். முளைத்தபின் தாக்கினால், தண்டு நிலமட்டத்தில் மெலிந்து நாற்று சாய்ந்துவிடும். இதை எவரும் காணலாம். முளை மண்ணுக்குள்ளேயே அழுகினாலோ பாத்தி வெறுமையாகக் கிடக்கும். அப்போது பழி விதையின்மீது விழுகிறது.

சான்று பெற்ற தக்காளி விதைக்குக் குறைந்தது 70 சதவிகித முளைப்புத்திறன் வேண்டும். ஆனால் அத்திறன் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவது. தரமான விதையும் நீர் தேங்கிய பாத்தியில் அழியக்கூடும். எனவே முறையீடு வரும்போது விதையைச் சோதிப்பதோடு பாத்தியையும் தோண்டிப் பார்த்தல் வேண்டும். ஆராயாமல் விற்றவரைக் குற்றஞ்சாட்டுவதும் தவறு. உழவரைக் குறை கூறி அனுப்புவதும் தவறு.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் மற்றொன்றும் கூறுவேன். நமது பயிர் அறுவடைச் சோதனைகள் வயலில் நின்று விளைந்ததையே அளக்கின்றன. நாற்றங்காலில் மடிந்தது அக்கணக்கில் ஏறுவதில்லை. சிறு உழவரோ விதைக்கு இருமுறை செலவிடுகிறார், பருவத்தையும் தவறவிடுகிறார். இழந்த மூன்று நான்கு வாரங்களை எந்தக் கடனுதவியும் மீட்டுத் தராது.

தடுப்பு முறைகளோ எளியவை. 15 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி, நெருக்கமற்ற விதைப்பு, நல்ல வடிகால், அளவான பாசனம் ஆகியவற்றுக்கு உழைப்பே பெரும் மூலதனம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தல் கூடுதல் காப்பாகும். நோய் தோன்றினால், லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து மண் நனையுமாறு ஊற்றலாம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். அறுவடையின்போது வயலுக்குச் செல்லும் நாம், முளைக்கும் நாட்களிலும் ஒருமுறை நாற்றங்காலுக்குச் செல்வோமாக.