நோய் வராத பிள்ளைகள்

ஆஸ்பத்திரியில் நோய் வந்தவரைக் கவனிப்பார்கள். இது நமக்குத் தெரியும். நோய் வராத பிள்ளைகளைக் கவனித்ததால் ஒரு மருந்து கிடைத்தது. அது நடந்தது நம் நாட்டில், தில்லியில். அந்தக் கதையைக் கேளுங்கள்.

கைக்குழந்தைக்குப் பேதி பல கிருமிகளால் வரும். அவற்றில் ஒன்று ரோட்டா வைரஸ். அது கண்ணுக்குத் தெரியாது. அழுக்குக் கை வழியாக, பொம்மை வழியாக வாய்க்குள் போகும். குழந்தை வாந்தி எடுக்கும். தண்ணீர் தண்ணீராகப் பேதி ஆகும். உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறும். கண் குழிந்துபோகும். உடனே கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும்.

1980களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மகாராஜ் கிஷன் பான் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அங்கே பிறந்த குழந்தைகளின் மலத்தை அவருடைய குழு சோதித்தது. சில குழந்தைகளிடம் ரோட்டா கிருமி இருந்தது. ஆனால் பேதி இல்லை.

'நோய்தான் இல்லையே' என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு ரோட்டா பேதி குறைவாகவே வந்தது.

காரணம் என்ன? அவர்களிடம் இருந்தது சாதுவான கிருமி. அது நோயைத் தரவில்லை. ஆனால் எதிரி யார் என்று உடம்புக்குக் காட்டிக் கொடுத்தது. பிறகு பொல்லாத கிருமி வந்தபோது உடம்பு தயாராக இருந்தது. அந்தச் சாதுவான கிருமியைக் கொண்டே தடுப்பு மருந்து செய்தார்கள். அதன் பெயர் ரோட்டாவேக். ஐதராபாத்தில் உள்ள பாரத் பயோடெக் நிறுவனம் அதைத் தயாரித்தது.

மருந்து பலன் தருமா? 2011இல் தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் பெரிய சோதனை தொடங்கியது. 6,799 குழந்தைகள் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்து கலக்காத சொட்டு. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்தால் கணக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும். பணியாளர்கள் வாரந்தோறும் வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள்.

"நம் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விதி உண்டு. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கையெழுத்துப் போடும் முன் நாமே படித்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

முடிவு என்ன? மருந்து இல்லாமல் 100 பிள்ளைகளுக்குக் கடுமையான ரோட்டா பேதி வரும் இடத்தில், மருந்து கொடுத்தபோது சுமார் 45 பேருக்குத்தான் வந்தது. முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பாதிக்கு மேல் தப்பினார்கள்.

2016இல் அரசு இந்த மருந்தை நான்கு மாநிலங்களில் கொடுக்கத் தொடங்கியது. 2019இல் ரோட்டா தடுப்பு மருந்து நாடு முழுவதும் வந்தது. இதற்கு ஊசி இல்லை, காசும் இல்லை. குழந்தை பிறந்த 6, 10, 14ஆவது வாரங்களில் வாயில் கொடுப்பார்கள்.

மருந்து கொடுத்த பிள்ளைக்கும் பேதி வரலாம். அப்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டில் தடுப்பூசி அட்டை இருக்கும். இன்று அதை எடுத்துப் படியுங்கள். ரோட்டா என்ற இடத்தில் மூன்று தேதிகள் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் செவிலியரிடம் கேளுங்கள்.