மனுவா? யாசகமா?

(வாசகசாலை, இரவுப் பள்ளிக்கூடங்களை நடத்துவோர் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், பெரிய பட்டணங்களில் இருக்கும் வக்கீல் கம்பெனிகள் ஏற்படுத்தி வைத்திருக்கின்ற அறக்கட்டளைகளிடம் பண உதவி கேட்டு மனுப் போடுவது எப்படி என்பதாகும். இந்தப் பேச்சை எடுத்தவுடன் சிலர், "நமக்கெதற்கு ஐயா இந்தப் பிச்சை?" என்கின்றார்கள். வேறு சிலரோ, "எவன் கொடுத்தால் என்ன? பணம் வந்தால் போதும்" என்கின்றார்கள். முதலில் சொன்னவர்கள் தங்கள் ரோஷத்திற்காகப் பிள்ளைகளின் படிப்பைப் பலி கொடுக்கிறார்கள். இரண்டாவது சொன்னவர்கள் பிள்ளைகளின் படிப்பைச் சாக்காக வைத்து ஊருடைய ரோஷத்தை விற்கிறார்கள். இவ்விரண்டும் வேண்டாமென்பதே நமது அபிப்பிராயம்.

இந்தப் பணம் யாருடையது என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். கட்டளை என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. கோவிலில் விளக்கெரிக்கவும் சோறு போடவும் சொத்து எழுதி வைத்ததை நம்மவர்கள் கட்டளை என்றுதான் சொல்லி வந்தார்கள். எழுதி வைத்த பிறகு அது எழுதி வைத்தவன் வீட்டுச் சொத்தாகாது. எந்தக் காரியத்திற்கென்று எழுதினானோ அந்தக் காரியத்திற்குச் சேர்ந்தது. வக்கீல்கள் வைக்கும் அறக்கட்டளையும் அப்படித்தான். அதன் நிர்வாகிகள் காவற்காரர்களேயொழிய எஜமானர்களல்ல. அன்றியும், தர்மத்திற்குக் கொடுத்த பணத்திற்குச் சட்டம் அனுமதிக்கின்ற அளவுக்கு வரிக் கழிவு உண்டு. கழிவு என்றால் என்ன? சர்க்கார் கஜானாவுக்கு வர வேண்டியதில் ஒரு பாகம் வராமல் இந்தக் காரியத்திற்குப் போகிறதென்றுதானே அர்த்தம்? ஆகவே அதில் நம் எல்லோருடைய பங்கும் ஓரளவு இருக்கின்றது.

அப்படியிருக்க, மனுப் போடுகிறவன் காலில் விழ வேண்டிய அவசியமென்ன? அதேபோல், வாங்கின பணத்திற்குக் கணக்குக் காட்டாமல் ஏப்பம் விட அவனுக்குத்தான் உரிமை ஏது?

நிற்க, வக்கீல் கம்பெனி என்று நாம் வாய்ப் பழக்கத்தில் சொன்னாலும், நம் நாட்டில் அவை சட்டப்படி கம்பெனிகளல்ல. பல வக்கீல்கள் கூட்டாளிகளாகச் சேர்ந்து நடத்தும் ஸ்தாபனங்களே அவை. 2013ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவு, பெரிய கம்பெனிகள் தங்கள் முந்திய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 100க்கு 2 பங்கைச் சமூகக் காரியத்திற்குச் செலவிட வேண்டுமென்று சொல்லுகிறது. அந்தப் பிரிவு கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்தும். கூட்டாளிகளாக நடத்தும் வக்கீல்களைக் கட்டுப்படுத்தாது. ஆதலால், "சட்டப்படி 2 பங்கு கொடுக்க வேண்டுமே, ஏன் கொடுக்கவில்லை?" என்று அவர்களிடம் போய்ச் சண்டை பிடிப்பது பயனற்ற வேலையாகும். அவர்கள் தாங்களாக இஷ்டப்பட்டு ஒதுக்கிய பணம் அது. எனவே எந்தக் காரியத்திற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகே நாம் மனுவில் கை வைக்க வேண்டும்.

ஒவ்வொரு அறக்கட்டளையும் எதற்குக் கொடுப்போம், எதற்குக் கொடுக்கமாட்டோம் என்று விதி வைத்திருக்கும். பெரும்பாலோர் முதல் பாகத்தை மாத்திரம் ஆவலோடு படிக்கிறார்கள். நாம் சொல்லுவது, இரண்டாவது பாகத்தை முதலில் படியுங்கள் என்பதே. தனி நபருக்குக் கொடுப்பதில்லை, கட்டடத்திற்குக் கொடுப்பதில்லை, கட்சிக் காரியத்திற்கும் மதப் பிரசாரத்திற்கும் கொடுப்பதில்லை, தங்கள் ஆபீஸ் இருக்கின்ற ஊரைத் தாண்டிக் கொடுப்பதில்லை என்றெல்லாம் இருக்கலாம். அதில் நம் காரியம் அடிபட்டுப் போனால் தபால் செலவும் ஒரு மாதத்து வேலையும் மிச்சம்.

அடுத்தது பத்திரங்கள். சங்கம் 1975ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியோ, டிரஸ்ட் பத்திரத்தின்படியோ பதிவாகியிருக்க வேண்டும். பாங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். காரியதரிசியின் மைத்துனர் பெயரில் இருந்தால் யோக்கியன் கூட நம்பமாட்டான். ஆடிட்டர் பார்த்த மூன்று வருஷக் கணக்கைப் பெரும்பாலும் கேட்பார்கள். 1961ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 12ஏ, 80ஜி என்ற பெயர்களால் வழங்கி வந்த பதிவுகளையும் கேட்பார்கள். பணம் கொடுப்பது லண்டனிலோ நியூயார்க்கிலோ உள்ள வக்கீல்களின் அறக்கட்டளையானால் அது அன்னியநாட்டுப் பணமாகும். 2010ம் வருஷத்து அன்னியநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதில் ஒரு காசையும் தொடக் கூடாது. 2020ம் வருஷத்துத் திருத்தம் அப்படி வாங்கின பணத்தை வேறு சங்கத்திற்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்துவிட்டது. "பக்கத்து ஊர் சங்கத்துக்குப் பதிவு இருக்கிறது, அதன் மூலம் வாங்கிக் கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேளாதீர்கள்.

இனி மனு எழுதும் விதம். "ஏழைகளின் கண்ணீரைத் துடைக்கும் கருணைக் கடலே!" என்று ஆரம்பிக்கின்ற மனுக்களை நாம் பார்த்திருக்கின்றோம். கடலுக்கு மனுப் போட்டு என்ன பிரயோஜனம்? மனுவைப் படிப்பவர் தினமும் பத்திரங்களைப் பிரித்துப் பார்க்கும் வக்கீல். அவருக்கு வேண்டியது சங்கதி.

உதாரணமாக, ஓர் இரவுப் பள்ளிக்கூடம் என்று வைத்துக் கொள்ளுவோம். பிள்ளைகள் 60 பேர். ஆசிரியர்கள் இருவர். ஒருவருக்கு மாதம் ரூ.6,000 வீதம் 10 மாதத்திற்கு இருவருக்குமாக ரூ.1,20,000. புத்தகம், நோட்டு ரூ.30,000. மின்சாரம், பழுதுபார்த்தல் ரூ.10,000. ஆக மொத்தம் ரூ.1,60,000. இதில் ஊரார் வசூலித்துக் கொடுப்பது ரூ.20,000. நாம் கேட்பது ரூ.1,40,000. ஒரு பிள்ளைக்கு வருஷச் செலவு சுமார் ரூ.2,667. இதை எழுதிவிட்டு, பிள்ளைகள் இன்று எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள், வருஷ முடிவில் எந்த அளவுக்கு வாசிப்பார்கள், அதை யார் எப்படிப் பரீட்சித்துப் பார்ப்பது, அடுத்த வருஷம் இந்தப் பணம் வராவிட்டால் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும் என்ற நான்கையும் சொல்லிவிட்டால் மனு முடிந்தது.

கேட்டதில் பாதிதான் கொடுப்பார்கள் என்று எண்ணித் தொகையை இரட்டித்துப் போடுவது புத்திசாலித்தனமென்று சிலர் நினைக்கிறார்கள். அது பொய்க் கணக்கேயாகும். ஊரார் வசூல் ரூ.20,000 என்று எழுதினால் அது நிஜமாக வசூலாக வேண்டும். அந்தச் சிறு தொகைதான் மனுவுக்கு முதுகெலும்பு. ஒற்றைக் காலில் நிறுத்திய பந்தல் ஒரு காற்றுக்குத் தாங்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பணத்தைத் தவிர வக்கீல்களிடம் கேட்பதற்கு வேறொன்றும் உண்டு. அதுதான் சட்ட அறிவு. 1987ம் வருஷத்துச் சட்டப்பணி ஆணையச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர் முதலானவர்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. இது நம் கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாதம் ஒரு நாள் ஒரு வக்கீல் வந்து வாசகசாலையில் உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுத்தால், அது பணத்தைவிடப் பெரிய உதவியல்லவா? ஆகவே மனுவில் அதையும் தைரியமாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். ஓர் ஊரின் வாய்க்காலில் ஒரு தொழிற்சாலை கழிவு நீரை விடுகிறது. ஊரார் வழக்குப் போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைக்கு ஆஜராகின்ற வக்கீல்களின் அறக்கட்டளையிடமே அவ்வூர்ப் பள்ளிக்கூடத்திற்குப் பணம் கேட்க நேருகின்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். என்ன செய்வது? வக்கீல் தன் கட்சிக்காரருக்காக வாதாடுவது அவர் தொழில். அதற்காக அவரை நாம் திட்ட வேண்டியதில்லை. ஆனால் வழக்கு இருப்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். தெரிந்த பிறகும் கொடுத்தால் வாங்கிக் கொள்ளலாம். கொடுக்காவிட்டால் நஷ்டம் பணத்தோடு போகும். மறைத்து வாங்கினாலோ, பின்னால் ஊராரும் நம்மை நம்பமாட்டார்கள், கொடுத்தவரும் நம்பமாட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் கூட்டத்தில் வாசியுங்கள். "எங்களைப் பற்றியோ எங்கள் கட்சிக்காரரைப் பற்றியோ எதுவும் பேசக் கூடாது" என்று ஒரு வரி இருந்தால், அந்த வரியை அடித்துக் கொடுக்கும்படி கேளுங்கள். அடிக்காவிட்டால் பணத்தை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அறுபது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, அவர்கள் தாய் தகப்பன்மார் வாயைக் கட்டுவது என்ன கல்வி?

பெயர்ப் பலகை விஷயமும் அப்படியே. "உபயம்" என்று எழுதின எழுத்தே குழல் விளக்கின் வெளிச்சத்தை மறைப்பதை நாம் பார்க்கவில்லையா? வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைப் பிடிக்கக் கூடாதென்று பார் கவுன்சில் விதியே இருக்கின்றது. எனவே கொடுத்தவர் பெயரை வருஷ அறிக்கையில், தொகையோடு, நன்றியோடு அச்சிடுங்கள். அது போதும். பள்ளிக்கூடத்தின் பெயர் ஊரின் பெயராகவே இருக்கட்டும்.

அந்த அறிக்கையை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைப் பணம் கொடுத்தவருக்கு அனுப்புங்கள். மற்றொன்றை வாசகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். செலவான ஒவ்வொரு ரூபாயையும் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் வந்து பார்க்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு இரவுப் பள்ளிப் பிள்ளைகளே வாசித்துக் காட்டட்டும். அப்படிச் சுவரில் ஒட்டத் துணிவுள்ளவன் போடுவதுதான் மனு. அந்தத் துணிவில்லாதவன் எவ்வளவு பெரிய காகிதத்தில் எழுதினாலும் அது யாசகமே.