ஊசி போட்ட மகளும் சோதனைக்குப் போகாத தாயும்



அமெரிக்காவில் வாழும், ஸ்பானிய மொழி நாடுகளின் வழிவந்த ஹிஸ்பானியக் குடும்பங்களின் புற்றுநோய்த் தடுப்பு குறித்து இரண்டு நாள் பேச இருக்கிறோம். டெக்சாஸ் எல்லையோரத்து மெக்சிகோ வழியினரும், மயாமியின் கியூபரும், நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கரும் 'ஹிஸ்பானியர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்க மாட்டார்கள். அதை மறக்க வேண்டாம். ஆயினும் ஒன்று தெளிவு. அங்கு வெள்ளையினப் பெண்களைவிட ஹிஸ்பானியப் பெண்களைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் அதிகம் தாக்குகிறது. அதற்கு முந்திய மாற்றங்களைக் கண்டறிந்தால் வராமலே தடுக்கக்கூடிய நோய் இது.

என்னை உறுத்துவது ஒரே வீட்டுக்குள் இருக்கும் முரண். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2006-இல் அங்கு அனுமதி பெற்றது. காப்பீடு இல்லாத குழந்தைகளுக்கும் அரசுத் திட்டம் அதை இலவசமாகத் தருகிறது. ஹிஸ்பானியப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொள்வதில் பின்தங்கவில்லை. ஆனால் மகளை ஊசிக்கு அழைத்துப் போகும் தாய், கருப்பைவாயைச் சோதிக்கும் பாப் பரிசோதனைக்குத் தான் மட்டும் பல ஆண்டுகளாகப் போயிருக்க மாட்டாள். அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவள் மனத்தில் இருப்பவை கேள்விகள். பார்ப்பவர் பெண் மருத்துவரா? வலிக்குமா? அரை நாள் கூலி போகுமே, யார் தருவார்? முகவரி கேட்பார்களா? இவை எல்லாம் நியாயமான கேள்விகள். துண்டறிக்கை இவற்றுக்குப் பதில் சொல்லாது.

பதில் சொல்பவர் 'புரோமோத்தோரா' எனப்படும் ஊர்நலப் பணியாளர். அதே தெருக்காரர், அதே பேச்சுக்காரர். சமையலறை மேசையில் படவிளக்க ஏட்டை விரித்து, கருப்பைவாய் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டுகிறார். அடுத்த வாரம் மருத்துவமனைக்குத் துணையாகவும் போகிறார். எல் பாசோ, ஹூஸ்டன், யாக்கிமா ஆகிய இடங்களில் இத்தகைய பணியாளர் வழி நடக்கும் 'அமிகாஸ்' என்னும் திட்டத்தை 613 மெக்சிகோ வழிப் பெண்களிடையே சோதித்தார்கள். 2013-இல் வெளிவந்த முடிவின்படி, முழுத் திட்டமும் பெற்றவர்களில் சுமார் பாதிப் பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிலோ கால்வாசிப் பேர்தான்.

இவ்வளவு பலன் தரும் பணியாளருக்கு நாம் தருவது பெரும்பாலும் நிதியாண்டு முடியும்வரை வேலை. மானியம் தீர்ந்தால் அவரும் போகிறார். அவரை நம்பிய அந்தத் தெருவின் நம்பிக்கையும் போகிறது. இதை நான் ஏற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. வருமானம் குறைந்த, காப்பீடற்ற பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் 1990-இன் சட்டத்தால் வந்தது. அதில் நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை தர மாநிலங்களுக்கு 2000-இன் சட்டம் வழிசெய்தது. சட்டப்படியான குடியேற்ற ஆவணம் இல்லாத பெண்ணுக்கு அந்தச் சிகிச்சை வழி திறப்பதில்லை. நோய் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவள், அந்தக் காகிதத்தோடு வீட்டுக்குத் திரும்புகிறாள். அவளை அழைத்துப் போன புரோமோத்தோரா அவளிடம் என்ன சொல்வார்?

இந்தக் கேள்விக்காகவே, நாளை மாலைக்குக் குறித்திருந்த சிகிச்சை நிதி பற்றிய அமர்வை இன்று காலை முதல் அமர்வாக மாற்றும்படி கேட்டேன், அமைப்பாளர்கள் இசைந்தார்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.